பூஜ்யத்துக்காக உழைத்தவர்

பேட்ஸ்மேன் ரன் எடுப்பார். பௌலர் விக்கெட் எடுப்பார். விக்கெட் கீப்பர் என்ன எடுத்தார் என்று எங்கே பார்ப்பது? ஸ்கோர் அட்டையின் கீழே 'பை' என்று ஒரு வரி இருக்கும். பேட்டிலோ உடம்பிலோ படாத பந்து, கீப்பரையும் தாண்டிப் போனதால் எதிரணிக்குக் கிடைத்த ரன்கள் அவை. அங்கே எண்ணிக்கை ஏறினால் திட்டு விழும்; பூஜ்யமாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தப் பூஜ்யத்துக்காக வாழ்நாளெல்லாம் குனிந்து நின்றவர், சையத் கிர்மானி.

1949-ல் சென்னையில் பிறந்து பெங்களூரில் வளர்ந்தவர். 1971-ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் இடம் கிடைத்தது. ஆனால், ஃபரூக் என்ஜினீயர் இருக்கும்போது ஆட வாய்ப்பு ஏது? முதல் டெஸ்ட் ஆட 1976 வரை காத்திருந்தார். இரண்டாவது டெஸ்ட்டிலேயே ஒரே இன்னிங்ஸில் ஆறு பேரை வெளியேற்றி அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார்.

அப்படியும் 1979 இங்கிலாந்து பயணத்துக்கு அவரை எடுக்கவில்லை. தமிழ்நாட்டின் பரத் ரெட்டிதான் அங்கே டெஸ்ட் ஆடினார். அதே ஆண்டு பம்பாயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 'நைட் வாட்ச்மேனாக' இறங்கிய கிர்மானி, ஆட்டமிழக்காமல் 101 ரன் அடித்தார். 1981-82 இங்கிலாந்து தொடரில், தொடர்ந்து மூன்று டெஸ்ட்டுகளில் ஒரு பை ரன்கூட விடவில்லை.

1983 உலகக் கோப்பை என்றதும் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அடித்த 175 நினைவுக்கு வரும். 140 ரன்னுக்கு எட்டு விக்கெட் போன நிலையில் உள்ளே வந்து, கடைசி வரை கபிலுக்குத் துணை நின்றவர் கிர்மானி. இருவரும் பிரியாமல் சேர்த்தது 126 ரன். அதில் கிர்மானியின் பங்கு 24. இந்தியா ஜெயித்தது 31 ரன்னில்! இறுதிப் போட்டியில் பாக்கஸ் கொடுத்த கேட்ச்சையும் அவர்தான் பாய்ந்து பிடித்தார். அந்தத் தொடரின் சிறந்த விக்கெட் கீப்பர் என்ற பெருமையும் அவருக்கே.

88 டெஸ்ட்டுகள்; வெளியேற்றியது 198 பேரை. 200-க்கு இரண்டுதான் குறைவு. 1986-க்குப் பிறகு டெஸ்ட் வாய்ப்பு வரவில்லை.

எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். பால் பொங்கி வழியாது, பிள்ளையின் ஃபீஸ் தேதி தவறாது, பாட்டியின் மாத்திரை தீராது. எதுவும் தவறாததால், அவர் அங்கே நிற்பதே யார் கண்ணிலும் படாது. இன்று ஒரு நாள், அந்த 'பை' வரியைப் பார்த்துவிட்டு அவரிடம் இரண்டு வார்த்தை பேசலாமே!