ஓடவிடுமுன் வாசித்த கோப்பு

2022 மார்ச் 28, திங்கள்

எங்கள் வாசிகசாலையின் பழைய கணினி இனி எழும்பாது. அதிலிருந்த நூற்பட்டியலை என் மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டு கோப்பாய்ச் சந்தியால் வீடு வந்தேன். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். கட்டளைவரியில் நூல்களின் பெயர்களைக் கேட்டால் தமிழே வரவில்லை. 'க' இருக்கவேண்டிய இடத்தில் மூன்று குப்பைக் குறிகள்.

நெஞ்சு பதறினாலும் காரணம் விளங்கியது. யூரிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று. 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, நாங்கள் வேறொன்று சொல்லாவிட்டால் மைஎஸ்கியூஎல் அட்டவணையை லத்தீன்-1 என்றே பதிந்துகொள்ளும். இந்தப் பட்டியலும் அப்படித்தான் பதியப்பட்டிருக்கிறது. உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. மேலே ஒட்டிய சிட்டைதான் பிழை.

நேரே 'யூரிஎப்-8க்கு மாற்று' என்று கட்டளையிட்டால் அந்தக் குப்பைக் குறிகளையே உண்மை எழுத்தாக எண்ணி இன்னொருமுறை மாற்றிவிடும். அட்டவணையின் ஒவ்வொரு நிரலையும் முதலில் வெறும் பைற்றுகளாக்கவேண்டும். பிறகு யூரிஎப்-8 என்று பெயரிடவேண்டும். நிரலுக்கு இரண்டு வரி.

மார்ச் 29, செவ்வாய்

38 அட்டவணைகள். கையால் அடித்தால் எங்கோ பிழைக்கும்.

கொழும்பில் வேலைசெய்த காலத்தில் ஒரு அண்ணை ஓரக்கிளில் 'ஸ்பூல்' காட்டித்தந்தார். திரையில் வருவதெல்லாம் ஒரு கோப்பில் இறங்கும். "கையாலை அடிக்காதை தம்பி, தரவுத்தளத்தைக்கொண்டே எழுதுவி" என்பார். தரவுத்தளம் தன் அட்டவணைகள், நிரல்கள், அவற்றின் வகைகள் எல்லாவற்றையும் தன்னுள்ளேயே இன்னோர் அட்டவணையாக வைத்திருக்கிறது. அதனிடம் பெயர்களை மட்டும் கேளாமல், ஒவ்வொரு பெயரின் முன்னும் பின்னும் கட்டளைச் சொற்களைக் கோத்துத் தரச்சொல்லிக் கேட்கலாம். விடையாக வருவது தகவல் அல்ல, ஓடத் தயாரான கட்டளை வரிகள். அவற்றைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் ஸ்கிரிப்ட்.

இரவு மின்சாரம் போகுமுன் கோப்பு உருவாகிவிட்டது. முதல் வரியிலேயே கோளாறு: நிரலின் தலைப்பும் சேர்ந்து இறங்கியிருந்தது. அப்படியே ஓடவிட்டால் கருவி அந்த வரியிலேயே பிழை சொல்லி நின்றுவிடும். தலைப்பு வேண்டாம் என்று சொல்லி மீண்டும் எடுத்தேன்.

மார்ச் 30, புதன்

இன்று பத்து மணிநேர மின்வெட்டு. நாட்டில் டீசல் இல்லை, தாளும் இல்லை. நேற்றிரவே பழைய அறிவித்தல்களின் பின்புறத்தில் கோப்பை அச்செடுத்து வைத்தது நல்லதாயிற்று. அட்டவணைகளின் இப்போதைய அமைப்பையும் சேர்த்து மாஸ்டரிடம் கொடுத்தேன். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயின்று நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை. கணினி மொழி தெரியாது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, விறாந்தை வெளிச்சத்தில் வரி வரியாகப் பார்த்தார்.

"தம்பி, பழையதிலை இந்தச் சொல் ரெண்டும் இருக்கு. நீர் மாத்தின வரியிலை காணேல்லையே?"

அவர் சிவப்பு மையால் வட்டமிட்டது, 'வெறுமையாக விடக்கூடாது' என்ற நிபந்தனை. நிரலை மாற்றும்போது அதன் முழு வரையறையையும் திரும்பச் சொல்லவேண்டும், சொல்லாதது தொலைந்துபோகும். நான் வகையை மட்டும் கோத்திருந்தேன். கட்டளை பிழையின்றி ஓடியிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆறு மாதம் கழித்துப் பெயரில்லாத நூல்கள் பட்டியலில் ஏறத் தொடங்கியிருக்கும். இன்னொன்றும் அகப்பட்டது. பார்வைகளின், அதாவது அட்டவணைபோலத் தோன்றும் சேமித்த கேள்விகளின், நிரல்களும் அட்டவணையினுடையவைபோலக் கோப்பில் கலந்திருந்தன.

போஸ்ட்கிரஸில் 2016 முதல் ஒரு கட்டளை இருக்கிறது. எழுதிய வரிகளைக் கோப்பு இல்லாமல் அந்தக் கணமே ஓடவிடும். எனக்கு அது வேண்டாம். எழுதுவதற்கும் ஓடுவதற்கும் நடுவே ஒரு விறாந்தையும் ஒரு மாஸ்டரும் வேண்டும்.

மார்ச் 31, வியாழன்

பதின்மூன்று மணிநேரம் இருட்டு. ஓடவிடத் துணியவில்லை. மைஎஸ்கியூஎல்லில் அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளையைத் திரும்பப் பெறமுடியாது. ஒவ்வொரு வரியும் முடிந்த கையோடு நிலைத்துவிடும். பாதி வழியில் மின்கலம் ஓய்ந்தால் பாதி தமிழ், பாதி குப்பை.

அதனால் கிடைத்த ஒரு மணிநேரத்தில் முழுப் பிரதி எடுத்தேன். பிரதி என்பதும் ஒரு ஸ்கிரிப்ட் கோப்புத்தான்: இந்த அட்டவணையை உண்டாக்கு, இந்த நூலைச் சேர், அடுத்ததைச் சேர் என்று கடைசி நூல் வரை கட்டளைகள். வெறுமையான கணினி ஒன்றில் அதை ஓடவிட்டால் பட்டியல் முழுவதும் எழுந்து நிற்கும்.

1981இல் மூட்டிய தீயில் யாழ்ப்பாண நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. ஓலைச்சுவடிகளும் போயின. ஒரு பிரதிதான் இருந்தது என்றால் அது போனால் போனதுதான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் நம்முடைய நூல்களைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து வைத்துக்கொண்டிருப்பதும் அந்த நெருப்பின் நினைவோடுதான் என்று நினைக்கிறேன். எங்கள் வாசிகசாலை சிறியது. ஆனாலும் பிரதி ஒரே வீட்டில் இருக்கக்கூடாது.

ஏப்ரல் 2, சனி

மாலை ஆறு மணிமுதல் ஊரடங்கு. இரவு மின்சாரம் வந்தது. திருத்திய கோப்பைப் பிரதியிலிருந்து எழுப்பிய தரவுத்தளத்தில் முதலில் ஓடவிட்டேன். பெயர்கள் தமிழில் வந்தன. எண்ணிப் பார்த்தேன், எந்த நிரையும் குறையவில்லை. பிறகுதான் உண்மையானதில். மின்கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுவதும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது.

ஏப்ரல் 4, திங்கள்

காலை ஆறு மணிக்கு ஊரடங்கு நீங்கியது. பெற்றோல் இல்லை. மாஸ்டர் திருத்திய தாள்களை வாசிகசாலை அலுமாரியில் வைத்துவிட்டு, பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பாலம் கடந்தேன். ஏழு மணிக்கு இரண்டாம் பிரதி கைதடியில் தங்கையின் வீட்டில் இருந்தது.