மணல் கணக்கு

மார்கழி பிறந்தால் போதும், மெட்ராஸ்காரனுக்குக் குளிர் வந்துவிடும். இருபது டிகிரிக்கே ஊட்டி ரேஞ்சில் மங்கி குல்லாவும் மஃப்ளரும்! போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு நானும் தாய்மாமாவும் மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து வடக்கே நடந்தோம். டாக்டர் மாமாவைத்தான் நடக்கச் சொன்னார். மாமா என்னையும் சேர்த்துவிட்டார்.

மணலில் இறங்கி நடந்தால் தண்ணீர் வரவே மாட்டேன் என்கிறது. அத்தனை அகலம்! ஒரு காலத்தில் ஜார்ஜ் கோட்டைச் சுவர் வரைக்கும் அலை வந்ததாம். வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் இந்தக் கரையோரம் மணல் தெற்கேயிருந்து வடக்கே போகும். வாடைக் காற்று காலத்தில் மட்டும் கொஞ்சம் ரிவர்ஸ் கியர். 1870-களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்துக் குறுக்கே கல்லைப் போட்டார்கள். வடக்கே போக வேண்டிய மணல் இங்கேயே டேரா போட்டுவிட்டது. 1884-ல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு, 'மெரினா' என்று பேரும் வைத்தார்.

நான் பி.காம். ஒரு பக்கம் வரவு என்றால் இன்னொரு பக்கம் பற்று இருந்தே ஆகணும். அது எங்கே? உழைப்பாளர் சிலை பக்கத்தில் மாமா குனிந்து ஒரு கை மணல் அள்ளினார். "இன்னாடா பாக்குற? நம்ம வூட்டு மண்ணு!"

இட்லியை முடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். துறைமுகம், காசிமேடு தாண்டி திருவொற்றியூர். நாங்கள் இறங்கிப் போன இடத்தில் மணலே இல்லை, பாறாங்கல்தான். வர வேண்டிய மணல் வராததால் கடல் ஊரையே கடித்துத் தின்றிருக்கிறது. பாட்டி வீடு போனபோது எனக்கு ஆறு வயசு. ஆட்டுக்கல்லைக்கூட உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசக் கதவைக் கழற்றத்தான் நேரமில்லை. பாட்டி கடைசிவரை அந்தக் கதவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள், வீட்டைப் பற்றி அல்ல.

"அதோ, அலை உடையுது பார், அங்கதான் கிணத்தடி" என்றார் மாமா. அங்கே ஒரு கட்டுமரம் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் வேட்டி மடிப்பில் ஒட்டியிருந்த மெரினா மணலைக் கல்லுக்கு அந்தப் பக்கம் உதறினார்.

"மொத தவணை கட்டியாச்சுடா. எழுதிக்கோ."