கண்டாம்: குணமும் குற்றமும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபொழுது, எம் இளவல் ஒரு சித்திரத் தொடரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மலையனைய இயந்திர மனிதர் இருவர் வானவெளியிற் பொருதுகொண்டிருந்தனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலுகின்றோம் என்னும் செருக்குடைய எமக்கு அது சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றியது. "இதில் என்னடா இருக்கிறது?" என்று எள்ளினோம். "ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல், அண்ணா" என்றான் அவன். அவன் பொருட்டு அமர்ந்த யாம், ஒரு வாரத்திற்குள் 43 பகுதிகளையும் பார்த்து முடித்தோம்.

அத்தொடர் 'மொபைல் சூட் கண்டாம்' என்னும் பெயரியது. தொமினோ யொஷியுக்கி என்பார் இயக்க, ஜப்பான் நாட்டுத் தொலைக்காட்சியில் 1979 ஏப்ரல் முதல் 1980 ஜனவரி வரை ஒளிபரப்பப்பட்டது. அதற்கு முன் எழுந்த இயந்திர வீரர் கதைகளிற் பெரும்பாலனவற்றில் வீரன் முற்றும் நல்லவன். பகைவன் வேற்றுலகத்து அரக்கன். இக்கதையிலோ இருதிறத்தாரும் மனிதரே. மக்கள்தொகை பெருகியமையால் விண்வெளியிற் குடியிருப்புக்கள் அமைக்கப்பட்ட காலம் அது. அவற்றுள் ஒன்று 'ஸியோன்' என்னும் தனியரசாகிப் பூவுலகக் கூட்டரசின்மேற் போர் தொடுக்கின்றது. ஒரு திங்களுக்குச் சற்று மிகுந்த காலத்துள் மனிதகுலத்திற் பாதி மடிந்தது என்னும் செய்தியோடு கதை தொடங்குகின்றது. இயந்திரமும் ஈண்டுத் தெய்வமன்று, படைக்கலமே. அது பழுதுறும், குண்டுகள் தீர்ந்துபோம், இரவெல்லாம் விழித்திருந்து எவரேனும் அதனைச் செப்பனிடல் வேண்டும்.

இதன் தலையாய குணம் யாதெனின், பகைவனை மனிதனாகக் காட்டுதலே. ஒரு பாலைவன ஊரின் உணவகத்தில், கப்பலை விட்டு ஓடிவந்த சிறுவன் ஆமுரோவும் ஸியோன் படைத்தலைவன் ராம்பா ராலும் ஒருவரையொருவர் இன்னாரென்றறியாது சந்திக்கின்றனர். சிறுவனின் மன உறுதி கண்டு தலைவன் மகிழ்கின்றான். பின்னர்ப் போர்க்களத்தில் இயந்திரங்கள் பிளவுண்டு, உள்ளிருந்த முகங்கள் வெளிப்படுகின்றன. அம்முகங்களைக் கண்ட இருவரும் திகைக்கின்றனர். அப்பகைவன் பின்னர் இறந்தபொழுது எமக்கு வெற்றிக் களிப்பு உண்டாகவில்லை.

ஆமுரோவின் அகவை பதினைந்து. கப்பற்றலைவன் பிரைட்டுக்குப் பத்தொன்பது, எம்முடைய அகவையே! அகதிகள் நிறைந்த கப்பலொன்று அவ்விளைஞன் தலையிற் சுமத்தப்படுகின்றது. இனிப் போரிடேன் என மறுக்கும் சிறுவனை அவன் அறைகின்றான். அச்செயலைப் புகழ்வதா இகழ்வதா என்று கதை எமக்குக் கூறவில்லை. விடுதி உணவுக்குழுப் பொறுப்பையே ஓராண்டு தாங்கமாட்டாது தளர்ந்த யாம், அவனை எளிதிற் பழிக்கத் துணிந்திலோம்.

எம் நெஞ்சை மிகவும் தைத்தது பதின்மூன்றாம் பகுதி. நெடுநாட் பிரிந்த அன்னையை ஆமுரோ காண்கின்றான். பகைவீரர் தேடி வரவே, நோயாளிபோற் படுக்கையிற் கிடந்து, போர்வைக்குள்ளிருந்து ஒருவனைச் சுடுகின்றான். தாய் மகிழ்ந்தாளில்லை; தன் மகன் இத்தகையவன் ஆயினனே என்று அழுகின்றாள். அவன் படைமுறைப்படி வணங்கி விடைபெறுகின்றான்.

அப்பகுதியைப் பார்ப்பதற்கு இரு நாள் முன்னர், வயல்வரப்புப் பற்றிய பூசலில் எம் பெரியப்பாவை நோக்கி, "உங்களுக்குச் சட்டம் தெரியுமா?" என்று பலர் முன்னிலையில் யாம் சுடுசொல் கூறியிருந்தோம். வாதத்தில் வென்றோம் எனவும் இறுமாந்திருந்தோம். அம்மா மட்டும், "இதற்காகவா உன்னைப் படிக்க அனுப்பினோம்?" என்று கேட்டு உள்ளே சென்றுவிட்டார்கள். அத்தாயின் அழுகையில் எம் அம்மாவின் முகமே தோன்றியது. மறுநாட் காலை பெரியப்பா வீட்டிற்குச் சென்று பிழைபொறுக்க வேண்டினோம். வரப்பு வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் இரு வீட்டாரிடையே பேச்சு நிற்கவில்லை.

இனிக் குற்றங்களைக் கூறாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. பொருளுதவி செய்தோர் விளையாட்டுப் பொருள் விற்போர் ஆகலின், கதைக்கு வேண்டாவிடத்தும் வாரந்தோறும் ஒரு சண்டை நிகழ்கின்றது. சித்திரங்களும் ஒரு தரத்தனவல்ல. மாந்தர் உருவங்களை வரைந்த யசுஹிகோ யொஷிக்கசு இடையே நோயுற்றமையால், பிற்பகுதியிற் கோடுகள் தளர்கின்றன. பதினைந்தாம் பகுதியோ மிகவும் அலங்கோலமாக வரையப்பட்டது. ஆயின், போரை வெறுத்து ஓடிய வீரனொருவன் பெற்றோரையிழந்த குழந்தைகளைத் தீவொன்றில் வளர்க்கும் அதன் கதை மிக உயர்ந்தது. யசுஹிகோவே 2022இல் அதனைத் திரைப்படமாக்கினார்.

பார்ப்போர் தொகை குறைந்தமையால், 52 பகுதிகளாக எண்ணப்பட்ட தொடர் 43 பகுதிகளோடு முடிக்கப்பட்டது. அதனால் இறுதி விரைந்தோடுகின்றது. பிறர் உள்ளத்தை உணரவல்ல 'நியூடைப்' என்னும் புதிய மாந்தரைப் பற்றிய கருத்து போதிய வளர்ச்சி பெறவில்லை. நெற்றியிற் பொட்டணிந்த லாலா என்னும் நங்கை 34ஆம் பகுதியில் தோன்றி 41ஆம் பகுதியில் மடிகின்றாள். அவளை யாம் அறியுமுன்னரே இழந்தோம்.

யாவற்றினும் பெரிய குற்றம் ஒன்றுண்டு. அஃது எம்மையும் சார்ந்தது. போரை வெறுக்கக் கற்பிக்கும் இத்தொடர் போர்க்கருவியை அழகாகவும் காட்டுகின்றது. முதலில் வரவேற்புக் குன்றிய இத்தொடரை நிலைநாட்டியவை மறுஒளிபரப்பும், 1980இல் பாண்டாய் வெளியிட்ட இயந்திர உருவங்களும், பின்வந்த மூன்று திரைப்படங்களுமே. எம் இளவலின் மேசைமேலும் அவ்வெள்ளை வீரன் துப்பாக்கியேந்தி நிற்கின்றான். அதனை ஒட்டியமைக்க அவனுக்கு யாமே துணைபுரிந்தோம், மகிழ்ந்தும் போனோம்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில், "இதில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிந்ததா, அண்ணா?" என்று தம்பி வினவினான். "தெரிந்தது" என்றோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்திற்கு அன்று எம்முடன் நடந்து வந்தவர் பெரியப்பா.