மார்கழியில் நாலு சனிக்கிழமை

உரக்கடைக் காலண்டரில் மார்கழி பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அடுத்த வருஷக் காலண்டரில். அது இன்னும் அச்சாகவில்லை. எங்களுக்கு ஆடி முடியும்போதே தேதி தெரிந்தாக வேண்டும் என்பதால் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்பது பேர், டீக்கடை பெஞ்சுகள் இரண்டு, நடுவில் என் கணக்கு நோட்டு. திருவையாற்றுக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் இருக்கிற ஊர் எங்களுடையது. சங்கத்துக்குப் பதிவு எண் கிடையாது, பாங்க் கணக்கு கிடையாது. மார்கழிச் சனிக்கிழமைகளில் நாலு ராத்திரி நாட்டுப்பாட்டுக்காரர்களையும் மேளக்காரர்களையும் அழைத்து வந்து களத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். அவ்வளவுதான் சங்கம். நான் பொருளாளர், அதாவது ரேடியோ செட்டுக்காரரிடம் கடன் சொல்கிற ஆள்.

மார்கழி என்றதும் வெளியூர் நண்பர்கள் சென்னை சபாக்களைப் பார்த்துக் காப்பியடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். சபாக்காரர்கள் எதற்காக அந்த மாதத்தைப் பிடித்தார்களோ தெரியாது, எங்களுக்கு அதைப் பிடித்துக் கொடுத்தது நெல்.

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். வழக்கம் என்பதற்கு இந்தப் பக்கம் அர்த்தம் கொஞ்சம் தளர்வு. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆயிற்று. தண்ணீர் கடைமடை போய்ச் சேர்வதைப் பொறுத்துத்தான் குறுவை, அதைப் பொறுத்துத்தான் அதன் அறுப்பு. புரட்டாசியில் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, இன்னொரு பக்கம் சம்பா நடவு. குறுவை அறுத்த வயலில் தாளடி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. அந்த மாதங்களில் பாட்டுக் கேட்க வாருங்கள் என்று ஒரு சம்சாரியைக் கூப்பிட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார், நியாயமாகத்தான்.

அறுவடை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே என்றால், அப்போது ஊர்க்காரர்களுக்கு ஒழிவு உண்டு, பாடுகிறவர்களுக்கு இல்லை. தை பிறந்தால் அவர்களுக்குத் தொழில் பிறக்கிறது. மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரைத் திருவிழா, வைகாசியில் காளியாட்டம், ஆடியில் மாரியம்மன் என்று அச்சாரம் வாங்கிய தேதிகளை டைரியில் நெருக்கி எழுதிவைத்திருப்பார்கள். வருஷத்துச் சாப்பாட்டை அந்த ஏழு மாதத்தில் சம்பாதித்தாக வேண்டும். 2020-இல் ஊரடங்கு வந்தது மார்ச் கடைசியில், அதாவது பங்குனியில். கரகாட்டக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும் நஷ்டப்பட்டது சில வாரங்களை அல்ல, ஒரு முழு வருஷத்தை. அந்த ஜூனில்தான் எட்டு வருஷத்துக்குப் பிறகு மேட்டூரைத் தேதி பிசகாமல் திறந்தார்கள். தண்ணீர் வந்தது, கூட்டம் கூடத்தான் தடை.

ஆக, கேட்கிறவர்கள் சும்மா இருக்கும்போது பாடுகிறவர்களுக்கு வேலை, பாடுகிறவர்கள் சும்மா இருக்கும்போது கேட்கிறவர்களுக்கு வேலை. இரண்டு பேரும் ஒன்றாகச் சும்மா இருக்கிற ஒரே இடைவெளி மார்கழி. பெருமழை ஓய்ந்திருக்கும். சம்பா கதிர் விட்டு நிற்கும், பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை. கல்யாணம் கிடையாது. கோயிலில் விடிகாலைப் பொங்கலோடு சரி. தப்பாட்டக்காரர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. சாவுக்கு மார்கழி, ஆடி கிடையாது. எங்கள் நிகழ்ச்சி நாளில் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தால் எங்கள் தப்பு அங்கே போய்விடும். கோபித்துக்கொள்ள முடியாது. நாங்கள் கொடுப்பது ஒரு ராத்திரிச் சம்பளம். அந்தத் தெருக்காரர்கள் வருஷம் முழுக்கக் கூப்பிடுகிறவர்கள்.

நாலாவது சனிக்கிழமைதான் எப்போதும் சண்டை. அது பொங்கலை ஒட்டி வரும். 2007-இல் சென்னை சங்கமம் தொடங்கியதிலிருந்து பொங்கல் சமயத்தில் நல்ல செட்டுகளுக்குச் சென்னையில் மேடை கிடைத்தது. நடுவில் பல வருஷம் நின்று, 2023-இல் மறுபடி ஆரம்பித்தார்கள். அங்கே பார்க்கிற கூட்டம் எங்கே, எங்கள் களத்தில் சாக்கை விரித்து உட்கார்கிற கூட்டம் எங்கே? போய்வரட்டும் என்றுதான் சொல்வேன். நாலாவது வாரத்தில் ஊர்ப் பிள்ளைகளின் கும்மியும் பின்னல் கோலாட்டமும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதைப் பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று கேலி செய்வது எதிர்க்கட்சி.

கட்சி என்று எழுதியதும் திருவையாறு நினைவுக்கு வருகிறது. தியாகராஜ ஆராதனையைப் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து நடத்தினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் பணத்தைப் போட்டுச் சமாதியில் கோயில் எழுப்பி 1925-இல் குடமுழுக்கும் செய்த பிறகு, பெண்கள் பாடக் கூடாது என்றதால் மூன்றாவதாகப் பெண் கட்சி உண்டாயிற்று. 1940-இல்தான் எல்லோரும் ஒன்றானார்கள். ஒன்பது பேரில் இரண்டு கட்சிதான் என்றால் நாங்கள் ஒற்றுமையாக இருக்கிறோம் என்றே அர்த்தம்.

களத்துக்கு நாங்கள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் கோயில் தெருவில் கொட்டகை போட்டோம். நோட்டீஸில் தப்பாட்டம் என்று பார்த்ததும் இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை, காபி குடித்தார்கள். 'நல்ல காரியம்தான், ஆனா சாவு மேளத்தைக் கோயில் வாசல்ல எதுக்கு?' என்று மட்டும் கேட்டார்கள். நாங்கள் வாதாடியிருக்க வேண்டும். வாதாடாமல், இடம் போதாது என்று ஒரு காரணத்தைச் சொல்லி ஊர்க் கோடியில் இருந்த நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்துக்கு மாற்றிக்கொண்டோம். 1990-களில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தார் தஞ்சாவூரில் வருஷந்தோறும் தமிழ் மக்கள் இசை விழா நடத்தினார்கள். திருவையாற்றுக்கு எதிர்வினை என்று சொல்லியேதான் நடத்தினார்கள். சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் கர்நாடக சங்கீதத்தையும் பறையையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் சபாக்களின் மாதத்திலேயே 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. அவர்களெல்லாம் கேள்வியை நேராகக் கேட்டவர்கள். நாங்கள் கேள்வியைத் தவிர்த்துக் களத்துக்குப் போனவர்கள். போன பிறகு தெரிந்தது, ஊரிலேயே எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத இடம் அது ஒன்றுதான் என்று. எல்லார் நெல்லும் அங்கேதான் காய்கிறது. அன்றைக்குக் காபி குடித்தவர்களில் ஒருவர் இப்போது முன் வரிசையில் போர்வையோடு உட்கார்கிறார். நாங்கள் செய்தது சரி என்பதற்கு இது சாட்சி ஆகாது.

களத்தில் இன்னொரு சௌகரியம், நெருப்பு மூட்டலாம். மார்கழிப் பனியில் தப்பின் தோல் அரை மணியில் தொய்ந்துவிடும். போன வருஷம் வந்த ஆசான், மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தி, தப்பைக் குழந்தைக்கு வெந்நீர் காட்டுவதுபோல் தூரமாகவும் கிட்டவுமாகக் காட்டிக்கொண்டிருந்தார். நடுநடுவே அடிக்குச்சியால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேள்வி, மறுபடி நெருப்பு. முதலில் 'பொத்'தென்றது, பிறகு 'டம்' என்றது, கடைசியில் 'டண்' என்று எதிர்க்கரைத் தென்னை வரைக்கும் போய் அடித்தது. 'சட்டியிலே கரண்டி பட்ட மாதிரி கேக்கணும் சார், அப்பதான் காஞ்சிருக்குன்னு அர்த்தம்' என்றார். 'சார் வேண்டாம் அண்ணே' என்றேன். சிரித்தார், கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை. இப்போது மிஷின் அறுப்பு, வைக்கோலை உருளையாகக் கட்டிவிடுகிறார்கள். மார்கழியில் புது வைக்கோலுக்கு வழியில்லை, குறுவை வைக்கோல் மழையில் நனைந்திருக்கும். போன வருஷச் செலவுக் கணக்கில் 'வைக்கோல் உருளை 2' என்று ஒரு வரி இருக்கிறது. மாடு வளர்க்கிற சங்கமா என்று என் வீட்டில் கேட்டார்கள்.

பத்து மணி ஆனால் ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும், அது சட்டம். உடுக்கையடித்துக் காத்தவராயன் கதை பாடுகிறவரை அழைத்தபோது இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மூன்று ராத்திரி பாடுகிற கதை, நாங்கள் கொடுப்பது மூன்று மணி நேரம். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. 'கழுமரம் ஏறினதும் நிறுத்தணுமா, ஏறுறதுக்கு முன்னாடியா?' என்று மட்டும் கேட்டார். 

எங்கள் பெரிய தோல்வி நடவுப் பாட்டில்தான். ஏற்றப் பாட்டு எங்கள் பக்கம் என் காதில் விழுந்ததில்லை. வாய்க்காலில் தண்ணீர் தானாக வருகிற ஊரில் யார் ஏற்றம் இறைப்பது? ஆனால் நடவுப் பாட்டு இல்லாமல் நஞ்சை ஊரில் என்ன நாட்டுப்பாட்டு விழா? ஒரு பெரியம்மாவைத் தேடிப் பிடித்தோம். எழுபதுக்கு மேல் வயது, குரல் அப்படியே வெண்கலம். மேடையில் நாற்காலி போட்டு, மைக்கைப் பிடித்துக் கொடுத்தோம். ரேடியோ செட்டுக்காரர் கேட்காமலே எக்கோவையும் கூட்டிவைத்தார். பெரியம்மா முதல் அடியைப் பாடிவிட்டு நிறுத்தினார். களம் நிசப்தம். மறுபடி அதே அடியைப் பாடி நிறுத்தினார். எக்கோ மட்டும் பதில் சொன்னது. எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

'ஒத்த ஆளா எப்புடி தம்பி பாடுறது? நான் சொல்லி நிறுத்துனா வாங்கிப் பாட ஆளு வேணாமா?'

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயலில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் குனிந்தபடியே வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் அவள் மூச்சு வாங்குவாள், அடுத்த அடியைக் கட்டுவாள். நாங்கள் பாட்டில் பாதியை மட்டும் வேன் வைத்து அழைத்து வந்திருந்தோம். தஞ்சாவூர் அரண்மனைக்குள் இருக்கிற சரசுவதி மகால் நூலகம் 1958-இல் 'மலையருவி'யை வெளியிட்டது. பெர்சி மாக்வீன் என்கிற ஐ.சி.எஸ். துரை திரட்டிவைத்த நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தார். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். நாட்டுப்பாட்டைப் புத்தகத்தில் கண்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு வருகிற கோளாறு இது. அச்சில் வரும்போது எந்தப் பாட்டும் ஒருவர் பாடியதுபோல்தான் தெரியும்.

இந்த வருஷம் பெரியம்மாவோடு நாலு பேரையும் சேர்த்து அழைப்பது என்று முடிவு. அதாவது ஐந்து பேருக்குச் சம்பளம், ஐந்து பேருக்குச் சாப்பாடு. நாலு பேரில் இரண்டு பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஒருவர் திருப்பூரில் மகளோடு இருக்கிறார். அவர் வருவாரா என்பது பேத்தியின் பரீட்சையைப் பொறுத்தது. பெரியம்மா வைத்த நிபந்தனை ஒன்றுதான், நாற்காலி வேண்டாம்.

இதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது எங்களில் ஒருவனான கல்லூரிப் பையன் ஒரு சமாச்சாரத்தைப் போட்டு உடைத்தான். 'நம்ம ஊர்ல இப்ப நடவு நடுறது யாரு?'

எல்லோருக்கும் பதில் தெரியும். மிஷின் இறங்காத வயல்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஆண்கள் நடுகிறார்கள். கயிறு பிடித்து, மளமளவென்று. போன வருஷம் ஐப்பசித் தூறலில் வாய்க்கால் மதகடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு நானே நின்றிருக்கிறேன். ஒருவர் பாட, இரண்டு பேர் வாங்கிப் பாடினார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் குனிந்த முதுகுகளுக்கு நடுவிலிருந்து பாட்டு எழும்பி வருகிற விதம் தெரிந்ததாக இருந்தது. அப்பா காலத்து வரப்பில் உட்கார்ந்து கேட்டது அப்படித்தான் வரும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பையன் சொல்லிவிட்டான்.

டீக்கடையில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். வங்காளிப் பாட்டு எப்படி நம் நாட்டுப்பாட்டு ஆகும் என்றார் ஒருவர். நையாண்டி மேளத்தில் சினிமாப் பாட்டு வாசிக்கும்போது தலையாட்டினீர்களே என்றான் பையன். எங்களில் அவர்கள் நட்ட வயலுக்குச் சொந்தக்காரர்தான் கடைசியில் வழக்கைத் தீர்த்தார்: 'நட்டது அவன், பாடட்டும்.'

தீர்ந்தது வழக்கு மட்டும்தான், தேதி தீரவில்லை. அவர்கள் மார்கழி வரை இருக்கப் போவதில்லை, நடவு முடிந்தால் ரயிலேறிவிடுவார்கள். அவர்களுக்காகப் புரட்டாசியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வைக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எதுவென்று கேட்க, ஆவணியில் அவர்களுடைய மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். எங்கள் நாலு சனிக்கிழமைகளும் நோட்டில் மையால் எழுதியிருக்கின்றன. இதற்காக மேலே ஒரு வரி காலியாக விட்டிருந்தேன். மேஸ்திரிக்குத் தமிழ் ஓரளவு வரும். 'நாத்து எப்ப பறிக்கிறது சொல்லு, பாட்டு எப்ப நான் சொல்றேன் அண்ணா' என்றார்.

நாற்றங்காலில் விதை விட்டு அன்றைக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.