விற்பனைக்கு வெள்ளையடித்த வீடு

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன் என்றாலே, "குளுகுளு என்றிருக்குமே! பீமன் அருவியில் குளிப்பாயே!" என்று தோழிகள் பொறாமைப்படுவார்கள். இவ்வாண்டு நான் அருவிப் பக்கமே போகவில்லை. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகிலுள்ள எங்கள் தாத்தாவின் ஓட்டு வீட்டை விற்பதற்காக, பத்து நாட்களைத் துடைப்பமும் சுண்ணாம்பு வாளியுமாகக் கழித்தேன்.

தாத்தா கீழ்நாட்டிலிருந்து மலையேறி, சாமையும் புளியும் தேனும் வாங்கி விற்று அவ்வீட்டைக் கட்டினார். அவர் காலமான பின் ஆயா தனியே இருந்தார்கள். முழங்கால் வலி அதிகமாகவே எங்களோடு வந்துவிட்டார்கள். அக்காவின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வழி தெரியாமல் அப்பா தவித்தபோது, "வீட்டை வித்துடு" என்று முதலில் சொன்னதும் ஆயாதான்.

அமெரிக்காவில் 1970களிலிருந்து விற்கும் வீட்டை அலங்கரித்துக் கொடுப்பதே ஒரு தொழிலாகிவிட்டதாம். எங்களுக்கு அந்த வசதி ஏது? குரங்குகள் உடைத்த ஓடுகளை அப்பா மாற்றினார். கல் சுண்ணாம்பை முதல் நாளே தொட்டியில் போட்டு நீரூற்றினோம். அது தளதளவென்று கொதிப்பதைப் பார்க்கத் தம்பி ஓடிவர, அப்பா அதட்டி விரட்டினார். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடுமாம். ஆறியதைத் துணியில் வடிகட்டி, சுவரில் ஒட்டக் கஞ்சியும், பளிச்சென்று தெரியச் சிறிது நீலமும் கலந்து இரண்டு முறை அடித்தோம். ஈரத்தில் சுண்ணாம்பு மங்கலாகத்தான் தெரியும், காயக் காயத்தான் வெளுக்கும். இது தெரியாமல் முதல் நாள் நான் அழாத குறை!

மூட்டை அடுக்கும் அறையில் தாத்தா கரியால் போட்ட கணக்குக் கோடுகள் இருந்தன. அவற்றின் மேல் மட்டையை வைக்க எனக்குக் கை வரவில்லை. "அடிடி. அந்தக் கணக்கெல்லாம் தீந்துபோச்சு" என்றார்கள் ஆயா.

தரகர் வந்து பார்த்து மகிழ்ந்தார். காவலூர் தொலைநோக்கி வீட்டுக்குப் பக்கத்தில் என்று சொல்லச் சொன்னார். 1986 இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி எங்கள் மலைக்குப் பெருமைதான். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அதைப் பார்க்கப் பேருந்து ஏற வேண்டும்!

வடக்குச் சுவர்தான் எங்களைக் காட்டிக் கொடுத்தது. இரண்டு பூச்சுக்குப் பின்னும் பழுப்புக் கறை மேலே வந்தது. "இன்னொரு தடவை அடிச்சு எதையாவது மாட்டுங்க. சித்திரையில யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றார் தரகர். அப்பா ஒன்றும் பேசவில்லை. நான்தான் கிழக்குச் சுவரிலிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றி அந்தக் கறையின் மேல் மாட்டினேன். அளவெடுத்ததுபோல் பொருந்தியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வந்தது ஓர் ஆசிரியை குடும்பம். வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆயா திண்ணையிலிருந்து மெல்ல எழுந்து உள்ளே வந்தார்கள்.

"சாமியை யாருடி இங்கே மாட்டினது?"

நான் வாய் திறக்கவில்லை. ஆயா படத்தைத் தாமே கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் சொன்னார்கள்: "இந்தச் சுவத்துக்குப் பின்னாடி மேடு, டீச்சரம்மா. ஐப்பசி கார்த்திகையில தண்ணி கசியும். தானியம் எதையும் இந்தப் பக்கம் வெச்சிடாதீங்க. பின்னாடி ஒரு கால்வா வெட்டினா நிக்கும். எங்க வீட்டுக்காரரு வெட்டுறேன் வெட்டுறேன்னே போய்ச் சேந்துட்டாரு."

தரகர் இருமிக்கொண்டே வெளியே போனார். வந்தவர்கள், "கலந்து பேசிச் சொல்கிறோம்" என்று விடைபெற்றார்கள்.

நான்கு நாட்கள் ஒரு தகவலும் இல்லை. அம்மா ஆயாவை ஒரு சொல் கேட்கவில்லை; பாத்திரங்கள்தான் பேசின. "நான் படிக்காட்டி என்ன?" என்று அக்கா தொடங்கியதும் அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். ஐந்தாம் நாள் அவர்கள் வந்தார்கள். கால்வாய்க்கும் பூச்சுக்கும் 40,000 ரூபாய் குறைத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். அப்பா சம்மதித்தார். அந்த 40,000-க்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின, இன்னும் திரும்பவில்லை.

பத்திரப் பதிவன்று அப்பா எனக்கு ஒன்று சொன்னார். வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவரே சொல்லியாக வேண்டும் என்று 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55 ஆவது பிரிவில் கூறுகிறதாம். ஆயாவுக்குக் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. பத்திரத்தில் பெருவிரல் ரேகைதான் வைத்தார்கள்.

மலையிறங்கும்போது படம் ஆயாவின் பழைய சேலையில் சுற்றப்பட்டு என் மடியில் இருந்தது. வளைவுக்கு வளைவு அதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆயா என்னை ஏசவுமில்லை, அதைப் பற்றிப் பேசவுமில்லை.

இப்போதெல்லாம் மழை சற்று வலுத்தால் போதும், "அந்த டீச்சரம்மாவுக்கு ஒரு போன் போடுடி, சுவரு கசியுதான்னு கேளு" என்கிறார்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி