அண்டை வீட்டுச் சஹன்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையின் முன் நின்று பழகிய எங்கள் இருவருக்கும், ஓய்வு பெற்றபின் சும்மா இருப்பது பெரும் சோதனையாயிற்று. ஊதியமின்றி ஓராண்டு கற்பித்துத் தர இயலுமா என்று ஒரு தொண்டு அமைப்பின் வழியாகக் கேள்வி வந்தபோது, இஸ்திகாரா தொழுது, பிள்ளைகளிடம் விடைபெற்று, 2024-ஆம் ஆண்டில் கடல் கடந்தோம். சென்ற இடம் சான்சிபார்.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை அடுத்து, இந்துமாக் கடலில் அமைந்த தீவுக்கூட்டம் அது. உங்குஜா, பெம்பா இரண்டும் பெருந்தீவுகள். 1964 ஜனவரியில் புரட்சி கண்டு, அவ்வாண்டு ஏப்ரலிலேயே தங்கனிக்காவுடன் இணைந்து, இன்று தான்சானியாவின் தன்னாட்சிப் பகுதியாக விளங்குகின்றது. கிராம்புக்குப் பெயர் பெற்ற அத்தீவை, 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. அங்கே தன் கிளையைத் திறந்த பிறகு நம்மவர் பலரும் அறிந்திருப்பர். மக்களில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். நம் கடற்கரைப் பட்டினங்கள் பலவற்றைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபினர். மவ்லிது மஜ்லிஸ்களில் மனம் தோய்பவர்கள்.

‘கல் நகரம்’ என்று பெயர் பெற்ற பழைய பட்டினத்தில் எங்களுக்கு மாடியில் இரண்டு அறைகள் கிடைத்தன. பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய வீடுகள்; இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள்; பித்தளைக் குமிழ்கள் பதித்த சித்திரக் கதவுகள்; வாசல்தோறும் ‘பராஸா’ என்னும் கல் திண்ணை. கடற்காற்றின் ஈரத்தால் எங்கள் சுவர்ச் சுண்ணாம்பு நாள்தோறும் உதிர்ந்தது. கொசுவலை கட்டினோம்; தண்ணீர் பிடித்து வைக்க வாளிகள் வாங்கினோம்; பின் முஸல்லாவை விரித்தோம். மக்கமா நகரம் அங்கிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே இருக்கிறது. வாழ்நாளெல்லாம் மேற்கு நோக்கித் தொழுத எங்களுக்கு, தக்பீர் கட்டும் முன் ஒரு கணம் கால்கள் தடுமாறும். புதிய இல்லம் என்பதை முதலில் உணர்ந்தது அந்தத் தடுமாற்றத்தில்தான்.

ஆயினும், மொழி எங்களைக் கைவிடவில்லை. சுவாஹிலியில் ஆசிரியர் ‘முவாலிமு’, நூல் ‘கிதாபு’, பேனா ‘கலாமு’, உண்ணும் தட்டு ‘சஹானி’. நம் இல்லங்களில் விருந்துக்கு விரிக்கும் சஹன் அன்றோ அது! நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதியது போல, அவர்களும் தம் மொழியை ஒரு காலத்தில் அரபு எழுத்திலேயே எழுதி வந்தனர் என்றறிந்தபோது, உறவினர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நிறைவு உண்டாயிற்று.

அந்த நிறைவு எங்களைச் சற்று ஏமாற்றவும் செய்தது. தலைமையாசிரியர் முதல் நாள் எங்களை ‘இரண்டு மணிக்கு’ வரச் சொன்னார். பிற்பகல் இரண்டு மணிக்குப் போய் நின்றோம். அவரோ காலை எட்டு மணி முதல் காத்திருந்தாராம்! சூரிய உதயத்திலிருந்து மணியை எண்ணுவது அவர்கள் வழக்கம். காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மரபில் வந்த நாங்கள் வெட்கித் தலை குனிந்தோம். அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அந்தப் பிழை அத்துடன் தீர்ந்தது.

அடுத்த பிழை அவ்வளவு எளிதில் தீரவில்லை.

கீழ்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். பாட்டியை அங்கே ‘பீபி’ என்பர். நம் பெண்மக்களின் பெயரோடு வரும் அதே சொல்! நாங்கள் குடிபுகுந்த மூன்றாம் நாள், படியேறி வந்து, “ஹோடி!” என்று குரல் கொடுத்தார். ‘உள்ளே வரலாமா’ என்பது பொருள்; ‘கரீபு’ என்ற மறுமொழி வரும்வரை எவரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அனுமதி கேட்டு, ஸலாம் உரைத்துப் பிறர் வீட்டினுள் நுழையுமாறு மார்க்கம் கற்பித்த ஒழுக்கம் அங்கே அன்றாடப் பேச்சாக வாழ்கிறது. கதவைத் திறந்தோம். அவர் கையில், தேங்காய்ப் பாலில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. அவர் வீட்டில் உண்ணும் வாய்கள் பல என்பதை நாங்கள் அறிவோம். அவர்கள் பங்கைக் குறைப்பானேன் என்று எண்ணி, “உண்டுவிட்டோம்” என்று பணிவுடன் திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரமும் வந்தார். அடுத்த வாரமும் திருப்பினோம். பிறகு ‘ஹோடி’ என்ற குரல் எங்கள் வாசலில் கேட்கவில்லை. திண்ணையில் இருப்போர் ஸலாமுக்குப் பதில் கூறினர்; அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

பீபியின் பேரன் எங்கள் மாணவன். ஒரு நாள் வகுப்பு முடிந்தபின், கணக்கு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கி நின்றான். “முவாலிமு, எங்கள் வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஹராமா?” என்று கேட்டான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாங்கும் கையைவிடக் கொடுக்கும் கை மேலானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை ஆண்டாண்டாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்திருக்கிறோம். எங்கள் கையே மேலான கை என்று எண்ணி அல்லவா அத்தீவுக்குச் சென்றோம்? ஊதியம் வாங்காதது எங்களுக்குத் தெரியாமலே எங்களுள் ஒரு செருக்காக வளர்ந்திருந்தது. அந்த மூதாட்டியின் கையும் மேலான கையாக இருக்க விரும்பும் என்பதை நாங்கள் நினைக்கவே இல்லை. குழம்பில் தண்ணீரைக் கூட்டியேனும் அண்டை வீட்டாரைக் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்களே, அதைத்தான் பீபி செய்தார். இரக்கம் என்று நாங்கள் எண்ணிச் செய்தது, அவருடைய ஸுன்னத்தைத் தடுத்ததாயிற்று.

மறுநாள் அரிசி மாவு வாங்கி இடியப்பம் அவித்தோம். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து, தட்டை மூடிக்கொண்டு கீழே இறங்கினோம். வாசலில் நின்று, நாக்குத் தடுமாற, “ஹோடி!” என்றோம். உள்ளே சற்று நேரம் ஓசையில்லை. பின்பு, “கரீபு!” என்ற குரல் வந்தது. பீபி எங்களைப் பாயில் அமர்த்தினார். மன்னிப்புக் கேட்க வாய் திறந்தபோது கையமர்த்தி, தட்டை நடுவில் வைத்து, “பிஸ்மில்லாஹ்” என்றார். எல்லோரும் ஒரே தட்டில் கையிட்டு உண்டோம்.

அதன்பின் எங்கள் தட்டு கீழேயும் அவர் தட்டு மேலேயும் போய்வந்தன. ஒன்றேனும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஓராண்டில் பின்னக் கணக்கும் சிறிது ஆங்கிலமும் கற்பித்தோம். நாங்கள் கற்றுக்கொண்டது அதனினும் பெரிது. விடைபெற்ற நாளில் பீபி தந்த தட்டு ஒன்று இன்று எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. அண்டை வீட்டுக்கு எதையேனும் கொடுத்தனுப்ப அதைத்தான் எடுக்கிறோம். அல்லாஹ் அந்த வீட்டாரின் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.