கெம்பஸ் போன பிள்ளையிடம் என்ன கேட்கிறோம்?



வெட்டுப்புள்ளி வெளியானதும் எங்கட ஊர்ச் சந்தியில் பெனர் ஏறும். பிள்ளையின் படம், பீடத்தின் பெயர், வாழ்த்துகிற சங்கங்களின் பெயர்கள். நல்லதுதான், உழைத்த பிள்ளைக்கு அது வேணும். ஆனால் பெனர் கழன்ற பிறகு அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஆட்கள் குறைவு. லீவுக்கு வரும் பழைய மாணவர்கள் ஆசிரியர்களாகிய எங்களோடு கதைப்பதை வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

தமிழ் மூலம் படித்து மூன்று பாடத்திலும் 'ஏ' எடுத்த பிள்ளை பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகிறது. விரிவுரை ஆங்கிலத்தில், கென்டீனில் சிங்களம். ஊரில் முதலாம் பிள்ளை. அங்கே பக்கத்தில் இருப்பவர்களும் அப்படி முதலாம் பிள்ளைகள்தான். ஒரு பாடம் ரிப்பீட் ஆனால் வீட்டுக்கு எப்படிச் சொல்வது? பெனர் கட்டிய ஊராச்சே.

பகிடிவதை இன்னொரு பக்கம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். முறையிட்டால் பெட்ச்சில் ஒதுக்கி விடுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

கடைசியில் பிள்ளை வீட்டுக்கு வந்து அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தால் "ஈமான் பலவீனம்", "கண்ணூறு" என்கிறோம். ஓதிப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. துஆக் கேட்டுக்கொண்டேதான் காய்ச்சலுக்கும் மருந்தெடுக்கிறோம். மகன் யூசுபை நினைத்து அழுதே யஃகூப் நபி (அலை) அவர்களின் பார்வை போனது என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்த சமூகம் நாங்கள். அவர்களின் ஈமானை யார் குறை சொல்வது?

போனில் "சாப்பிட்டியா, சோதின எப்ப" என்பதோடு உம்மாமாரும் வாப்பாமாரும் நிறுத்திவிடுகிறார்கள். "யாரோட சாப்பிட்டாய் மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் "தனியத்தான்" என்று பதில் வந்தால், நித்திரை இல்லை என்றால், லீவுக்கும் வர மனமில்லை என்றால், அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள். பெறுபேற்றைப் பற்றி மட்டும் அங்கே கதைக்க வேண்டாம்.

கெம்பஸில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களும் விரிவுரையாளர்கள் என்பதால் சில பிள்ளைகள் தயங்கும். அப்படியானால் கெம்பஸ் சுகாதார நிலைய டொக்டரிடம் போகலாம். "இனி இருந்து என்ன" என்ற மாதிரி பிள்ளை ஒரு வார்த்தை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள், தனியே விடவும் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம்.

அரச வைத்தியசாலை உளநலப் பிரிவுகளில் காசு எடுப்பதில்லை. மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம், கிளினிக் வாசலில் யாரும் கண்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற உம்மாமார் நிறையப் பேர். பயமாக இருந்தால் அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.